ராகு காலத்துக்கு முன் ஒரு சுற்று

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அந்தப் பக்கம் ஃபேன் சத்தத்தில் என் குரல் எட்டாது, இதுவும் உரக்கச் சொல்லுகிற சங்கதி இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறையில், ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முழுக்க ஒரு பொம்பளை கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் மனசு உட்காரவில்லை. அது போய்வந்த தூரத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மயிலாத்தாள் என்று பேர். தலை பாதி நரைத்தாச்சு, சேலைக்கு மேலே புருசனுடைய பழைய காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு. எதிரே மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறது மாரிஸ் மைனர், மோர் நிறத்தில், ஆமை முதுகு மாதிரி வளைந்த சின்னக் கார். அதன் இஞ்சினுக்கு இவள் கேம் ஷாஃப்ட் மாற்றியிருக்கிறாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது இஞ்சின் வயிற்றுக்குள் படுத்திருக்கிற ஒரு கம்பி. அதில் வரிசையாகக் கோழிமுட்டை போல ஒரு பக்கம் கூம்பின மூக்குகள். கம்பி சுற்றச் சுற்ற ஒவ்வொரு மூக்கும் ஒவ்வொரு வால்வை எட்டித் தள்ளும். இஞ்சின் மூச்சு இழுப்பதும் விடுவதும் அந்தத் தள்ளலில்தான். பழைய கம்பிக்கு மூக்கெல்லாம் தேய்ந்து, கார் மேட்டில் ஏறமாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது. இப்போது உள்ளே படுத்திருப்பது வேறு. எங்கேயோ ஒரு பழைய இஞ்சினிலிருந்து கிடைத்ததை லேத்தில் கொடுத்து மூக்கைக் கூராக்கி வாங்கினது. லேத்துக்காரன் கொடுக்கும்போதே சொல்லிவிட்டான்: "அக்கா, இன்னொருக்கா அரைக்கறதுக்கு இதுல சதை இல்லீங். பாத்துக்குங்." பாத்துக்குங் என்றால் என்ன, அவளுக்குத் தெரியாததா. புது மூக்கு முதல் தடவை ஓடும்போது சாவி போட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்ததும் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். பிடிக்காமல் கர் கர் என்று இழுத்துக்கொண்டே இருந்தால், பூசி வைத்த கறுப்புப் பசை வழிந்துபோய், இரும்போடு இரும்பு உரசி, கூராக்கின மூக்கு அன்றைக்கே மழுங்கிவிடும். அப்புறம் கார் வீட்டு வாசலில் செடித்தொட்டி வைக்கத்தான் ஆகும். அந்த ஒரு இழுப்புக்குத்தான் காத்திருக்கிறாள். சாவி ஏன் போடவில்லை என்றால், ராகு காலம்.

ராகு காலம் பார்ப்பது அவள் இல்லை, கார்க்காரர் திருமூர்த்தியின் அக்கா ருக்குமணி அம்மா. பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார், தட்டும் மணியும் தேங்காயும் வாழைப்பழமும் எலுமிச்சம்பழமுமாக. அவர்களுடைய அப்பா வாங்கின கார் இது. இதே காரில் காலேஜுக்குப் போனவராம் அந்த அம்மா, அதுவும் தானே ஓட்டிக்கொண்டு. அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்ததை மயிலாத்தாள் பார்த்தாள், பிடித்திருந்தது. அக்காவும் தம்பியும் இப்போது பெஞ்சில். நாச்சிமுத்து, அதாவது இவள் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் ஸ்டூலில், காலாட்டிக்கொண்டு. எத்தனையோ வருசம் இஞ்சின்களுக்கு நடுவே நின்று காது போன மனுசன். பக்கத்தில் நின்று கத்தினால்தான் காதில் விழும், அவர் பேசுவதும் தெருவுக்கே கேட்கும். அந்த மனுசன்தான் திருமூர்த்தி வந்து நின்ற அன்றைக்குச் சொன்னார், தெருவுக்கே கேட்க: "இது அவ வேலைங். நான் கை வெக்க மாட்டேன். அவ காதுதான் இந்தப் பட்டறைக்குக் காது." திருமூர்த்தி ஒரு நிமிசம் அவளைப் பார்த்தார், அப்புறம் சாவியை அவள் கையில் கொடுத்தார். அந்தச் சாவியின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. கொடுத்த சொல் புருசனுடையது, செய்த கை இவளுடையது, இரண்டும் சேர்ந்து இப்போது இந்த இஞ்சினுக்குள் படுத்திருக்கிறது.

செய்த கை, ஆமாம், செய்ததுதானே, யார் என்ன சொல்ல முடியும். ரேடியேட்டரைக் கழற்றி, முன்மூடியைக் கழற்றி, செயினை அவிழ்த்து, பழைய கம்பியை உருவிய சமயம் இருந்த பதற்றம் புதுசை உள்ளே விட்டபோது இல்லை. பிறந்த குழந்தைக்குச் சட்டை போடும்போது அந்தச் சின்னக் கையை எப்படி விரலைக் குவித்துப் பிடித்து நுழைப்போம், அப்படி நுழைத்தாள். ஒரு மூக்குகூட எங்கேயும் இடிக்காமல், ஒரு கீறல் விழாமல், கடைசியில் "டொக்" என்று போய் உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தோன்றியது. பல்சக்கரம் இரண்டிலும் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்க வேண்டும், அதுதான் செயின் போடும் கணக்கு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பையிலிருந்து நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து இரண்டு புள்ளிக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். நாச்சிமுத்து பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, சக்கரத்துக்குப் பொட்டு வெச்சுப் பொண்ணு பாக்கப் போறயா?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் இவளைப் பெருமையாகப் பார்த்தது இந்தப் பட்டறைக்கு வந்த பிறகுதான். பட்டறையை ஒட்டி ஒரே அறை, அங்கே இவள் மாவாட்டிக்கொண்டிருப்பாள், இங்கே இஞ்சின் ஓடும். ஒரு நாள் ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே "ஏனுங், மூணாவது சரியா எரியலீங்" என்று குரல் கொடுத்தாள். அவர் நெருப்புப் பொறி விடுகிற பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் கரி. அன்றைக்கு அவர் அறை வாசலில் வந்து நின்று, கையில் அந்தக் கரிப்பிளக்கோடு அவளையே பார்த்தார். மாவுக் கையோடு இவள் சிரித்தாள். அந்தக் காது. அவர் காது அடைய அடைய அவள் காது அவருக்காகவும் சேர்த்துத் திறந்துகொண்ட மாதிரி. இப்போதுகூட வெளியே போகிற பஸ்ஸுக்கு எந்தச் சக்கரத்தில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவாள். பக்கத்தில் பஞ்சர் கடையில் காற்றுக் குழாயைக் கழற்றினால் "ஃபூ" என்று வருமே, அதில்கூட...

பஞ்சர் கடை. அங்கேதான் மனசு போய் இடறியது. கண் தானாகப் பக்கத்துக் கடைக்குப் போயிற்று, ஷட்டர் இறங்கியிருந்தது, பூட்டு தொங்கிற்று. இபுராகிம் நேற்றே சொன்னானே, தங்கச்சி வீட்டு விசேசம், கரூருக்குப் போறேன், நாளைக்குக் கடை இல்லை என்று. கடை காலையிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. அப்படியென்றால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டதே ஒரு "ஃபூ", அது யாருடைய மூச்சு? சோப்பு நுரை மணிக்கட்டு வரை, தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அந்த "ஃபூ" வந்தது, மெத்தென்று, கொஞ்சம் நீளமாக, இபுராகிம் கடை என்று கணக்கெழுதிவிட்டுக் கையைத் துடைத்தாள். இபுராகிம் இல்லை. காற்றுக் குழாய் இல்லை. பிளக் கழற்றின இஞ்சின் அப்படித்தான் மூச்சு விடும், யாராவது சுற்றினால். சீ, என்ன நினைப்பு, யார் சுற்றப் போகிறார்கள். ஆனால் திரும்பி வந்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது இஞ்சின் முன்னால் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தின் கோடு நூலிழை தள்ளி நின்றது அல்லவா? இடுப்பு இடித்திருக்கும் என்று தட்டிச் சரி பண்ணினாயே, மயிலாத்தா, இடுப்பு இடித்தால் இஞ்சின் நகருமா?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, முழுக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது. பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை நெருப்பு வாங்கிக்கொள்ள, ஒரு தடவை புகையைத் துப்ப. வெளியே புல்லியில் இருக்கிற கோட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்து நல்ல பிள்ளையாக நிற்கும். கட்டைவிரலுக்குத்தான் தெரியும். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, காருக்கு முன்னால் செருகின ஹேண்டிலைச் சுற்றினால், நெருப்புக்கு வருகிற தடவை காற்று விரலை முட்டித் தள்ளும். அந்த இடத்தில் நிறுத்தி, நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்பு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை இறக்க வேண்டும். மயிலாத்தாள் அப்படித்தான் செய்தாள். நாச்சிமுத்து ஹேண்டிலைச் சுற்ற, இவள் விரலில் காற்று முட்டியது, "நிறுத்துங்" என்று கையைக் காட்டினாள், கோடு சரியாக நின்றது. விரலெல்லாம் பசை, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தமான கையால் எடுக்க வேண்டும் என்று குழாயடிக்குப் போனாள். நாச்சிமுத்து ஒன்றுக்குப் போனார். அந்த இடைவெளியில்தான் அந்த "ஃபூ". வந்து இறக்கினாள், பிளக் மாட்டினாள், ஒயர் மாட்டினாள், சாவிக்குக் கை நீட்டினபோது ருக்குமணி அம்மா "ராகு காலம் பொறந்தாச்சு அம்மிணி, சித்த பொறு" என்றார். நடுவில் யாராவது ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தால் அவள் நெருப்பு அனுப்பச் சொல்லியிருப்பது புகை துப்புகிற நேரத்துக்கு. இஞ்சின் பிடிக்காது. வெடித்துத் தும்மும், இழுக்கும், மறுபடி இழுக்கும். மூக்கு மழுங்கும்.

கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை, முட்டின விரல் இன்னும் நினைவு வைத்திருக்கிறது, இதோ இந்த ரேகைமேல்தான் காற்று வந்து முட்டியது, வெதுவெதுப்பாக. விரல் பொய் சொல்லாது. விரல் சொன்னது சரிதான், விரல் போன பிறகு என்ன நடந்தது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? தகரக் கூரை சூடேறிக் கிட்டிக் கிட்டி என்றது. மண்ணெண்ணெய் வாசம், தட்டில் மல்லிகை வாசம், இரண்டும் கலந்து கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டுகிற மாதிரி இருந்தது. கேட்டுவிடலாமா? கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ருக்குமணி அம்மா தானாகவே தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், சந்தோசமாக: "ராகு காலத்துக்குள்ள வேலை முடியாதோன்னு எனக்குப் பயம்தான் தம்பி. அதான் நல்ல நேரம் கைவிட்டுப் போறதுக்குள்ள நானே ஹேண்டிலப் புடிச்சுச் சுத்தி வெச்சுட்டேன். அப்பா அப்படித்தான் பண்ணுவார், நெனப்பிருக்கா? சும்மாவாச்சும் தொடங்கி வெச்சுடோணும்." திருமூர்த்தி சிரித்தார். மயிலாத்தாள் சும்மா கேட்கிற மாதிரி, "எத்தன சுத்துங்கம்மா?" என்றாள். "ஒண்ணு இருக்கும். ரெண்டோ? சாமிய நெனச்சுட்டுச் சுத்துனேன், எண்ணுனனா என்ன? ஏன் அம்மிணி, தப்பா?" "அய்யோ, இல்லீங்கம்மா, நல்லதுதான் பண்ணியிருக்கீங்" என்றாள். இரண்டு என்றால் ஒன்றும் இல்லை, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்திருக்கும். ஒன்று என்றால் போச்சு. ஒன்றா இரண்டா. கேட்டது ஒரு ஃபூவா இரண்டா. காதைத் திருப்பி அந்தக் குழாயடிக்கு அனுப்பினாள். தண்ணீர், நுரை, காக்கை, ஃபூ. மறுபடி. தண்ணீர், நுரை, ஃபூ. இவ்வளவு பெரிய காது என்று பேர் வாங்கி என்ன, கேட்டதை எண்ணாமல் விட்டதே.

நாச்சிமுத்துவிடம் சொல்லலாம். எப்படிச் சொல்ல? அவர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னால் சிங்காநல்லூர் சந்தைக்கே கேட்கும். "அந்தம்மா சுத்துனதுல டைமிங் மாறிப் போச்சுங்" என்று இவள் கத்த, "என்னது, அந்தம்மா சுத்துச்சா?" என்று அவர் அதற்கு மேல் கத்த, அந்த அம்மாவின் முகம் என்ன ஆகும். அப்பா பண்ணுகிற மாதிரி என்று ஆசையாகத் தொட்ட கை. சாமியை நினைத்துச் சுற்றின சுற்று சகுனக் கேடாகிவிட்டது என்று ஆயுசுக்கும் மனசில் வைத்துக்கொள்ளும். அதுவும் இந்தக் காரை ஓட்டின பொம்பளை. சரி, ஒன்றும் சொல்லாமல் பிளக்கைக் கழற்றி மறுபடி விரல் வைத்துப் பார்த்தால்? ஏன் என்று கேட்பார்கள். அதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் மூக்கின் மேலிருக்கிற பசை கொஞ்சம் கொஞ்சமாக வழியும், ஏற்கெனவே சுற்றினதே அதிகம். சுற்றாமல் பார்க்க வேண்டும். இஞ்சினை அசைக்காமல், அதன் மேல்மூடியைக் கழற்றாமல், யாரையும் சங்கடப்படுத்தாமல், வயிற்றில் இருக்கிற பிள்ளை தலைகீழாக இருக்கிறதா என்று மருத்துவச்சி கை வைத்தே சொல்லுவாளே, அப்படி. கை வைத்தே. பெயிண்ட் டப்பாவிலிருந்து எழுந்துவிட்டாள். பயம் அதே டப்பா மேல் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது, கூட எழுந்து வரவில்லை.

"எண்ணெய் ஒரு கை குறையுதுங்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, இஞ்சின் தலைமேல் எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகி எடுத்தாள். ஒரு குவளை எண்ணெயைச் சன்னமாக இறக்கினாள். பிறகு வாயைத் துடைக்கிற மாதிரிச் சுட்டுவிரலை உள்ளே விட்டாள். அங்கே முதல் சிலிண்டரின் வால்வுகளைத் தட்டுகிற இரண்டு சின்ன இரும்புக் கைகள் இருக்கும். நெருப்பு வாங்குகிற நேரம் என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும், விரலால் தட்டினால் டிக் டிக் என்று ஆடும். புகை துப்பி முடிகிற நேரம் என்றால் இரண்டும் வால்வை அமுக்கிக்கொண்டு இறுகி நிற்கும். எண்ணெய் வழுவழுப்பில் விரல் முதல் கையைத் தேடிப் பிடித்தது. தட்டினாள். ஆடவில்லை. அடுத்ததற்கு நீண்டது விரல், நுனி மட்டும்தான் எட்டியது. ஆடவில்லை. கல் மாதிரி. ஒரே சுற்றுதான். அப்போது அவளுக்கு வந்தது பயம் என்று நினைப்பீர்கள். வந்தது சிரிப்பு. தெரிந்துகொண்டாளே! இருட்டுக்குள், ஒரு விரலில், ஒரு ஆணியைக்கூட அவிழ்க்காமல் தெரிந்துகொண்டாளே. இந்த ஊரில் எத்தனை பேருக்கு இது கையில் வரும் என்று ஒரு எண்ணம் ஓடியது, ஓடட்டும் என்று விட்டாள், பெருமைப்படுவதற்கும் ஒரு நேரம் வேண்டாமா. தெரிந்துவிட்டது என்றால் மிச்சம் சுலபம். இஞ்சினைத் திருப்ப வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்க வேண்டாம். நெருப்பு சரியான நேரத்துக்குத்தான் கிளம்புகிறது, தப்பான வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதானே. டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் நாலு குழி, நாலு ஒயர். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கி நேர் எதிர்க் குழியில் குத்திவிட்டால் தீர்ந்தது. பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த சம்பந்திகள் இடம் மாறி உட்காருகிற மாதிரி. ஆனால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிற பந்தி.

ராகு காலம் முடிந்தது. ருக்குமணி அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கத் திருமூர்த்தி குனிந்தார். மயிலாத்தாள் கையை நீட்டினாள். "சந்தனம் குங்குமம் இஞ்சினுக்கு நான் வெக்கறேனுங்கம்மா. நீங்க முன்னாடி கற்பூரம் பத்த வெய்யுங்." "நீயே வெய்யி அம்மிணி, உங் கைதான வேலை செஞ்ச கை" என்று கிண்ணத்தைக் கொடுத்தார். அந்தச் சொல் காதுக்குள் போய் இனித்தது. கற்பூரம் எரிய, திருமூர்த்தி மணி அடிக்க, எல்லோரும் முன்னால் கண்ணை மூடி நிற்க, இவள் இஞ்சின் மேல் குனிந்தாள். ரேடியேட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு, தலைக்கு ஒரு பொட்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்தபோது முதல் ஒயர் கழன்றது, எதிர் ஒயர் கழன்றது, இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. அடுத்த ஜோடி. ஒன்று ரப்பர் உறையில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது, சந்தன விரல் வழுக்குகிறது, மணி அடிக்கிற சத்தம் நிற்கப்போகிறது, வா கண்ணு, வா, என்று வாய்க்குள் சொல்லித் திருகி இழுத்தாள், வந்தது. குத்தினாள். நிமிர்ந்தபோது நாச்சிமுத்து மட்டும் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். இஞ்சின் முழுசாக இரண்டு சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது, பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை. காலால் ஆக்ஸிலேட்டரை அமுக்கினாள், கூரைத் தகரம் அதிர்ந்தது. "மெதுவா, மெதுவா! இப்பத்தான பொறந்துருக்குது!" என்று திருமூர்த்தி கையை ஆட்டினார். "பொறந்த கொழந்தை அழுகோணுமுங்! அழுதாத்தான் நல்லது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள், காலை எடுக்கவில்லை. எட்டு மூக்கும் எட்டு வால்வைத் தட்டுகிற சத்தம், நாட்டியக்காரி சலங்கை மாதிரி, ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றையும் எண்ணினாள், இந்தத் தடவை எண்ணாமல் விடவில்லை. ருக்குமணி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தயா தம்பி, நான் சுத்தி வெச்ச நேரம்" என்றார். நாச்சிமுத்து மட்கார்டின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்திருந்தார், காதில் விழாததைக் கையால் கேட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக. வெகுநேரம் ஓட விட்ட பிறகுதான் காலை மெல்லத் தளர்த்தினாள். இஞ்சின் வேகம் இறங்கி, பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தாள்.

அந்த அமைதியில் நாச்சிமுத்து இஞ்சின் மேல் குனிந்தார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார். முதல் ஒயர் இருக்க வேண்டிய குழியைப் பார்த்தார், இருக்கிற குழியைப் பார்த்தார். புருவம் ஏறியது. கண் புல்லிக்குப் போய், ஹேண்டிலுக்குப் போய், ருக்குமணி அம்மாவுக்குப் போய், திரும்பி மயிலாத்தாளிடம் வந்து நின்றது, அதில் பழைய கரிப்பிளக் நாளின் பார்வை இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. புரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார், தெருவுக்கே கேட்கிற அந்த வாயை. மயிலாத்தாள் தட்டிலிருந்து முழு வாழைப்பழத்தை உரித்து அந்த வாயில் திணித்தாள். "சாமி பிரசாதமுங், மொதல்ல உங்களுக்கு." அவர் மென்றுகொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். திருமூர்த்தியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. அவள் பையைத் திறந்து கியூட்டெக்ஸை எடுத்தாள். நாளைக்கு எந்தக் கை இந்த இஞ்சினைத் திறந்தாலும் தடுமாறக் கூடாதே. டிஸ்ட்ரிபியூட்டர் தலையில், முதல் ஒயருக்குப் புது வீடான அந்தக் குழிக்கு நேராக, சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு வைத்தாள், காயட்டும் என்று குனிந்து, ஃபூ என்று ஊதினாள்.